பூசத்தருகே ஒரு புதிர்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு உண்டு. அவ்விரு நகரங்களையும் இணைக்கும் பெருஞ்சாலைக்கு அணித்தாக, மயிலம் என்னும் ஊரில், சிறு குன்றின்மேல் முருகன் கோயில் அமைந்துள்ளது. தைப்பூச நாளில் முருகன் கோயில்களை நோக்கிக் காவடி ஏந்திச் செல்லும் மக்கள் கூட்டம் தமிழ்நாடெங்கும் பெருகும். அன்று மாலை கதிரவன் மேற்கே மறையும் வேளையில், முழுத்திங்கள் கிழக்கே எழும். அத்திங்கள் பூசம் என்னும் விண்மீனை அடுத்து நிற்பதனாலேயே அந்நாள் தைப்பூசம் எனப் பெயர் பெற்றது.

பூசம் கடக இராசியைச் சேர்ந்தது. நிலவில்லாத மாசி மாதத்து இரவில், ஊர்ப்புறத்து வயல்வெளியில் நின்று, உச்சிக்குச் சற்று வடக்கே நோக்குவோர், மூடுபனித் துளி போல மங்கித் தோன்றும் ஒரு விண்மீன் கூட்டத்தைக் காண்பர். கையை நீட்டிப் பிடித்தால், அதற்குக் கிழக்கே இரண்டு விரற்கடை தொலைவில் ஓரிடம் உண்டு. அங்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஆயினும், வானநூல் அறிஞர்கள் பல்லாண்டுகளாகக் கண் இமையாது காத்து நோக்கும் இடங்களுள் அதுவும் ஒன்றாகும்.

1960களில் அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில், வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்ந்து அவை தோன்றும் இடங்களைப் பட்டியலிட்டனர். அப்பட்டியலில் இவ்விடம் ‘ஓ.ஜே. 287’ எனக் குறிக்கப்பட்டது. தொலைநோக்கியில் காணுங்கால் அது ஒரு சிறு விண்மீன் போலவே தோன்றும். ஆனால் அது விண்மீன் அன்று. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளியே அத்தனை காலம் பயணம் செய்ய வேண்டுமாயின், அத்தொலைவை என்னென்பது! இன்று நாம் காணும் அவ்வொளி புறப்பட்ட நாளில், நிலவுலகில் நுண்ணுயிர்களேயன்றி வேறு உயிர்கள் தோன்றவில்லை.

அத்துணைத் தொலைவிலிருந்தும் ஒரு பொருள் விண்மீன் போலப் புலப்படுமாயின், அதன் ஆற்றல் பெரிதாதல் வேண்டும். அவ்வாற்றல் பிறக்குமாற்றை அறிஞர்கள் பின்வருமாறு விளக்குவர். கோடானுகோடி விண்மீன்கள் திரண்ட பேரண்டக் கூட்டம் ஒன்றின் நடுவே மிகப் பெரிய கருந்துளை ஒன்று உள்ளது. கருந்துளை என்பது, தன்பால் வந்த ஒளியையும் மீளவிடாத ஈர்ப்பு உடையது. அதனுள் விழும் வளிப்பொருள் நேரே விழுவதில்லை. நீர்ச்சுழி போலச் சுழன்று, வட்டத்தட்டு வடிவில் பரந்து, உராய்வினால் கொதித்து ஒளிவிடுகின்றது. அப்பொருளில் ஒரு பகுதி கருந்துளையுள் விழாமல், காந்த ஆற்றலால் உந்தப்பட்டு, தட்டின் இருபுறமும் நீண்ட தாரைகளாகப் பீறிட்டுச் செல்கின்றது. தாரையின் விரைவு ஒளியின் விரைவுக்குச் சற்றே குறைந்தது.

இத்தகைய தாரை எப்புறம் நோக்கிச் செல்கின்றது என்பதைப் பொறுத்தே அப்பொருளின் தோற்றம் அமையும். இதனை விளக்க, பெருஞ்சாலையே தக்க சான்றாகும். இரவில் சாலையோரத்தில் நிற்பவன், தன்னை நோக்கி வரும் பேருந்தின் விளக்கைக் கண்டு கண் கூசுவான். அப்பேருந்தே குறுக்குச் சாலையில் செல்லுமாயின், அதே விளக்கின் ஒளி அவனுக்கு மங்கலாகவே தெரியும். விளக்கு மாறவில்லை, அது நோக்கிய திசையே மாறியது. தாரையும் அத்தகையதே. ஒளிக்கு நிகரான விரைவில் செல்லும் பொருள் தன் ஒளியை எல்லாத் திசையிலும் ஒருபடித்தாகச் சிதறாது. தான் செல்லும் திசையிலேயே குவித்து வீசும். பக்கவாட்டில் செல்லும் தாரையுடைய கூட்டங்கள் நமக்கு அமைதியாகத் தோன்றும். நம்மை நோக்கியே தாரையை வீசுவன பன்மடங்கு ஒளியுடன் தோன்றும். அவ்வொளியும் நாளுக்கு நாள் ஏறியிறங்கும். இவற்றையே பிளேசார் என வழங்குவர். ஓ.ஜே. 287 ஒரு பிளேசார் ஆகும். எதிர்ப்புறம் செல்லும் இரண்டாம் தாரை, விலகிச் செல்லும் பேருந்தின் முன்விளக்கைப் போல, நம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

பிளேசார்களை முதன்முதல் நுட்பமாக அளந்தவர்கள் மற்றொரு வியப்பையும் கண்டனர். தாரையில் உள்ள ஒளிமுடிச்சுகள் ஒளியினும் விரைந்து நகர்வனவாகத் தோன்றின. ஒளியை விஞ்சும் விரைவு எப்பொருளுக்கும் இல்லை என்பது ஐன்ஸ்டைன் நிறுவிய கொள்கை. அக்கொள்கை பொய்த்ததோ? இல்லை. ஒரு கணக்கால் இதனைத் தெளியலாம்.

காவடி எடுக்கும் கூட்டம் ஒன்று மாலை 6 மணிக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கிப் புறப்படுகின்றது எனக் கொள்வோம். அது மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்குமாயின், 10 மணி நேரங் கழித்து, விடியற்காலை 4 மணிக்குத் திண்டிவனத்தை அடையும். கூட்டம் புறப்பட்ட செய்தியைச் சொல்ல, அதே வேளையில் ஒருவன் மணிக்கு 5 கிலோமீட்டர் வீதம் முன்னே நடக்கின்றான். அவன் 8 மணி நேரத்தில், நள்ளிரவு கடந்து 2 மணிக்குத் திண்டிவனம் சேர்வான். அங்கிருப்பவர், செய்தி வர நேரம் பிடித்ததை எண்ணிப் பாராமல், “2 மணிக்குப் புறப்பட்டவர் 4 மணிக்கு வந்துவிட்டனரே! 40 கிலோமீட்டரை இரண்டே மணி நேரத்தில் கடந்தனரே!” என்று வியப்பாராயின், கூட்டம் மணிக்கு 20 கிலோமீட்டர் நடந்ததாக முடிவு செய்வார். உண்மை விரைவினும் அது ஐந்து மடங்கு. செய்தி கொணர்ந்தவனையே ஒளியாகவும், அவனைத் தொடர்ந்து வந்த கூட்டத்தையே தாரையாகவும் கொண்டால், அறிஞர் கண்ட வியப்பின் காரணம் விளங்கும். விரைவு பொய்யன்று, காலத்தைக் கணித்த முறையே பிழையானது.

ஓ.ஜே. 287இன் தாரை நேராகச் செல்வதன்று. வளைந்து வளைந்து செல்வது. வானொலித் தொலைநோக்கிகளால் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியவர்கள், அத்தாரை தன் திசையையே பெரிதும் மாற்றிக்கொள்வதாகக் கண்டனர். இவ்வியப்பிலும் தோற்றத்தின் பங்கு உண்டு. விழுப்புரம் வட்டாரத்தில் வண்டியேற்றிச் செல்லும் கரும்பைப் பக்கத்திலிருந்து நோக்கினால் அதன் வளைவு சிறிதாகவே தோன்றும். அதே கரும்பின் நுனியைக் கண்ணருகே வைத்து நீளவாட்டில் நோக்கினால், அச்சிறு வளைவும் பெருங்கோணலாகத் தெரியும். நம்மை நோக்கிய தாரையில் ஓரிரு பாகை அளவே நேரும் திருப்பம், நமக்கு முழுத்திருப்பமாகத் தோன்றுவதும் இவ்வாறே.

இத்தகைய நுண்ணிய அமைப்பை அறிவது எளிதன்று. வானொலி அலை நீளமானது; ஆதலின் அதனைக் கொண்டு தெளிவாகக் காண மிகப் பெரிய தொலைநோக்கி வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்வழி காணப்பட்டது. கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞரின் முயற்சியால், 1970இல் உதகமண்டலத்தில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள வானொலித் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்து அட்சரேகையின் அளவாகிய 11 பாகைக்கு ஒத்திருத்தலால், அதன் அச்சு நிலவுலகின் அச்சுக்கு இணையாக அமைந்தது. திங்கள் தன் வழியில் செல்லுங்கால், வானொலி வீசும் பொருள்களை மறைத்துச் செல்லும். திங்களின் விளிம்பு ஒரு பொருளை மறைக்க மறைக்க, அதன் அலை எவ்வாறு குறைகின்றது என்று அளந்தால், அப்பொருளின் வடிவம் தெரியவரும். இம்முறையால் உதகை அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்தனர். தைப்பூசத்து மக்கள் தொழும் திங்களே அறிவியலாருக்கு அளவுகோலும் ஆயிற்று.

பின்னர், பல நாட்டுத் தொலைநோக்கிகளை ஒருங்கிணைத்து, அவற்றை ஒரே பெருங்கண்ணாகப் பயன்படுத்தும் முறை வளர்ந்தது. உருசிய நாடு 2011இல் விண்ணில் செலுத்திய வானொலித் தொலைநோக்கி 2019 வரை பணியாற்றிற்று. அதனையும் நிலவுலகத் தொலைநோக்கிகளையும் இணைத்து ஓ.ஜே. 287இன் தாரையைப் படமெடுத்தனர். அப்படத்தின் நுட்பம், திங்களின்மேல் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை இங்கிருந்து காண்பதற்கு ஒப்பாகும். அதில் தாரையின் வளைவுகள் தெளிவாகத் தெரிந்தன.

இனி, இப்பொருளின் பெரும்புதிருக்கு வருவோம். பூசம் திங்களும் கோள்களும் செல்லும் வழியில் உள்ளது. ஆதலின் வேறு காரணங்களுக்காக எடுத்த வானப் படங்களிலும் இப்பொருள் தற்செயலாகப் பதிந்திருந்தது. 1880களின் இறுதி முதல் எடுத்த பழைய கண்ணாடித் தகடுகளைத் தேடி ஆராய்ந்த பின்லாந்து நாட்டு அறிஞர்கள், ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது பேரொளி வீசுவதை 1988இல் எடுத்துரைத்தனர். ஒவ்வொரு முறையும் ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு பேரொளிகள் தோன்றின. இதற்குக் காரணம், அங்கே ஒன்றன்று, இரண்டு கருந்துளைகள் இருத்தலே என்பது அவர்தம் கருத்து. கதிரவனினும் ஏறத்தாழ 1800 கோடி மடங்கு நிறையுடைய பெருங்கருந்துளையை, 15 கோடி மடங்கு நிறையுடைய சிறுகருந்துளை சுற்றி வருகின்றது. ஒரு சுற்றில் இருமுறை அது பெரியதன் தட்டைத் துளைத்துச் செல்லும். அப்பொழுது இலட்சம் கோடி கதிரவர் ஒருங்கே எரிந்தாற் போன்ற ஒளி எழும்.

ஒரு கருத்து உண்மையாயின், அது வருவதை முன்னரே உரைத்தல் வேண்டும். பின்லாந்தின் மௌரி வால்டோனன், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோபகுமார், லங்கேசுவர் தே முதலியோர் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையைக் கொண்டு இக்கணக்கை நுட்பமாக்கினர். அவர்கள் கூறியவாறே 2015 திசம்பரில் பேரொளி தோன்றிற்று. அடுத்தது 2019 சூலை 31இல் தோன்றும் எனக் கணித்தனர். ஆனால் ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் கதிரவனே பூசத்தை நெருங்கி நிற்கும். நிலவுலகிலிருந்து நோக்க இயலாது. அவ்வேளையில் நம்மினின்றும் 25 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சென்றுகொண்டிருந்த ஸ்பிட்சர் என்னும் விண்தொலைநோக்கிக்கு மட்டும் அப்பொருள் தெரிந்தது. கணித்த நேரத்திற்கு 4 மணி நேர வேறுபாட்டிற்குள் பேரொளி எழுந்ததை அது கண்டது.

இத்தகைய வெற்றி கிடைத்தபின் ஐயம் நீங்கியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2022 அக்டோபரில் வருமென எதிர்நோக்கிய பேரொளி அவ்வாறு தோன்றவில்லை. சிலர், “பெருங்கருந்துளையின் நிறை 10 கோடி கதிரவர் அளவே இருக்கலாம், பழைய கணக்கைத் திருத்த வேண்டும்” என்றனர். கணித்தவர்களோ, தங்கள் கருத்துக்குத் துணையாக வேறு சான்றுகளைக் காட்டினர். 2025இல், முன்னர்க் கூறிய படத்தில் சிறுகருந்துளையின் தாரையும் தனியே தெரிகின்றது என்றும் உரைத்தனர். வழக்கு இன்னும் தீரவில்லை. இது அறிவியலுக்கு இழுக்கன்று. தான் கூறியது எந்நாளில் பொய்க்கக்கூடும் என்பதையும் முன்னரே வெளிப்படுத்தி, அந்நாளில் எல்லார் முன்னிலையிலும் சோதனைக்கு உட்படுதலே அதன் பெருமையாகும்.

அச்சோதனைக்கு ஒரு நாடு மட்டும் போதாது. ஓரிடத்தில் பகலாகும் பொழுது வேறிடத்தில் இரவாகும். ஓரிடத்தில் மழைமேகம் மூடும் பொழுது வேறிடத்தில் வானம் தெளிந்திருக்கும். ஆதலின் நைனிடாலிலும், இமயத்து ஹான்லேயிலும் உள்ள இந்தியத் தொலைநோக்கிகள் பிற நாட்டாரோடு சேர்ந்து இப்பொருளை நோக்கி வந்துள்ளன. திண்டிவனத்திற்கு மேற்கே சவ்வாது மலையில் காவலூர் உள்ளது, அங்கேயும் 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986 முதல் வானை ஆராய்கின்றது. விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் 2023இல் சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராக இருந்து, திங்களின் தென்முனைப் பகுதியில் கலம் இறங்கச் செய்ததை நாடறியும். விண்ணாராய்ச்சி எங்கோ தொலைவில் உள்ளோர்க்கே உரியது என்று இவ்வட்டாரத்து மாணவர் எண்ண வேண்டுவதில்லை.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது பழமொழி. சாலையில் கூசும் விளக்கும், முன்னே வந்த தூதனும், நுனியில் நோக்கிய கரும்பும் அதற்குச் சான்றுகள். தான் நிற்கும் இடத்தை மறந்து காண்பவன் ஏமாறுவான். அதனைக் கணக்கில் கொண்டு காண்பவன் உண்மையை அணுகுவான். அடுத்த தைப்பூசத்தில் திங்கள் எழும்பொழுது, அதனருகே கண்ணுக்குத் தெரியாது நிற்கும் அப்பொருளையும் மாணவர்கள் நினைவு கூர்வார்களாக.