ஆயுத பூஜைத் தட்டில் ஓட்ஸ் குக்கீஸ்

ஆயுத பூஜை வந்துவிட்டால் ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் இடப்படும். வாயிலில் பூசணிக்காய் உடையும். பணி முடிந்து திரும்புவோர் கையில் பொரி கடலைப் பொட்டலமும் இனிப்புப் பெட்டியும் இருக்கும். அந்தப் பெட்டி திறக்கப்படும் வீட்டில் நீரிழிவு நோயுள்ள ஒருவர் இருப்பது இன்று அரிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. பெட்டியை அவருக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும், எல்லோரும் உறங்கிய பின் அவர் அதைத் தேடி எடுப்பதும் பல குடும்பங்கள் அறிந்த செய்திதான்.

இதற்கு மாற்றாக, வீட்டிலேயே ஓட்ஸும் உலர்திராட்சையும் சேர்த்துக் குக்கீஸ் செய்து கொடுக்கலாமே என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. நல்ல எண்ணம். ஆனால் அதன் பின்னே பெரும்பாலும் “ஓட்ஸ்தானே, எத்தனை சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது” என்ற நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தமிழ் வீடுகளுக்குள் ஓட்ஸ் பெரும்பாலும் மருத்துவர் சொன்ன கஞ்சியாகவே நுழைந்தது. ஆகையால் அதற்கு மருந்தின் மரியாதை கிடைத்துவிட்டது.

அந்த மரியாதைக்குக் காரணம் உண்டு. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்து இருக்கிறது. அது குடலில் கூழ்போலாகிச் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. கொலஸ்ட்ராலையும் ஓரளவு தணிக்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கானை இதய நலனுடன் தொடர்புபடுத்தி உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1997இல் ஒப்புதல் அளித்தது. இனி நம் குக்கீஸுக்கு வருவோம். கீழே சொல்லப்போகும் அளவில் செய்தால், ஒன்றில் ஏறத்தாழ கால் கிராம் பீட்டா குளுக்கானே இருக்கும். 3 கிராம் பெற வேண்டுமானால் பன்னிரண்டு குக்கீஸ் தின்ன வேண்டும். அவற்றோடு 40 கிராம் சர்க்கரையும் 50 கிராம் வெண்ணெயும் உள்ளே போகும்! நார்ச்சத்து வேண்டுவோர் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கலாம். குக்கீஸ் பண்டிகைக்கான இனிப்பு. அதை இனிப்பாகவே எண்ணி, அளந்து உண்பதே முறை.

அளந்து உண்ண வீட்டில் செய்ததே வசதி; என்ன சேர்ந்தது என்பது நமக்குத் தெரியும். இருபத்து நான்கு குக்கீஸுக்கு ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 80 கிராம், உலர்திராட்சை 75 கிராம், பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, பால் நான்கு மேசைக்கரண்டி. பூஜை நாளாதலால் முட்டை சேர்க்கவில்லை. தட்டையாக அழுத்திய சாதாரண ஓட்ஸை வாங்குங்கள். மசாலா கலந்த உடனடி ஓட்ஸில் உப்பு மிகுதி. இதற்கு அது ஆகாது.

ஓட்ஸை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்தால் குக்கீஸில் கஞ்சி வாடை நிற்கும். திராட்சையை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்குங்கள். நறுக்கிய திராட்சை எல்லாக் கடியிலும் அகப்படும். குறைவாகப் போட்டது தெரியாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் தொண்டையில் அடைக்கும் அபாயமும் குறையும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, பாலும் பிறவும் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; மாவு உருட்ட வரும். எலுமிச்சை அளவைவிடச் சிறியதாக உருட்டித் தட்டையாக்கி, மேலே துருத்தும் திராட்சையை உள்ளே அழுத்திவிடுங்கள். வெளியே நின்றால் கருகிக் கசக்கும்.

மின் அடுப்பு இருந்தால் 180 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் போதும். இல்லாதவர்கள் கனமான இரும்பு வாணலியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, மூடியிட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு நெய் தடவிய தட்டில் அடுக்கி உள்ளே வைத்துச் சிறு தீயில் 18 முதல் 20 நிமிடம் விடலாம். விளிம்பு பொன்னிறமானால் இறக்கிவிடுங்கள். நடுப்பகுதி மெத்தென்றிருந்தால் வேகவில்லை என்று திரும்ப அடுப்பேற்ற வேண்டாம், ஆறும்போது இறுகும். நன்றாக ஆறிய பின் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். வெளியூரிலிருந்து வந்து அங்கே தங்கிப் பணிபுரியும் மகளுக்குப் பேருந்தில் அனுப்பவும் ஏற்ற பண்டம் இது.

இந்த அளவில் ஒரு குக்கீயில் சுமார் 13 கிராம் மாவுச்சத்தும் 90 கலோரியும் இருக்கும். மாவுச்சத்தில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய ஒரு நடுத்தர இட்லி. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் என்று மாற்றினாலும் இரத்தச் சர்க்கரைக் கணக்கு பெரிதாக மாறாது. உலர்திராட்சையும் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. ஒரு கிலோ உலர்திராட்சைக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பழம் வற்ற வேண்டும் என்பதை நினைத்தால் இது வியப்பாயிராது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் பூஜை அன்று மதிய உணவில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு, உணவின் முடிவில் ஒன்று உண்ணலாம். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் பார்த்துக் குறித்து வைத்தால், அடுத்த முறைக்கு அவருடைய உடலே விடை சொல்லியிருக்கும். பொரியும் மாவுச்சத்துதான், இரண்டையும் சேர்த்து உண்பது வேண்டாம். சுண்டலை அதனினும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இரவுப் பணி செய்து இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கு ஒரு செய்தி. வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று சர்க்கரை தாழும் குறி தோன்றினால் பையிலுள்ள குக்கீஸை எடுக்காதீர்கள். அதிலுள்ள வெண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பரிசோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு உலர்திராட்சை ஏற்றதன்று. ஓட்ஸிலும் பாஸ்பரஸ் உண்டு. அவர்கள் உணவியல் நிபுணரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள் பிசைந்த பச்சை மாவைச் சுவை பார்க்கக் கூடாது. வேகாத மாவில் கிருமிகள் இருக்கலாம். விடுதியில் சேர்க்கப்பட்டிருக்கும் நோயாளிக்காக டப்பாவை எடுத்து வருவோர், கட்டிலருகே திறப்பதற்கு முன் செவிலியரிடம் காட்டுங்கள். அன்று காலை அவருக்குப் பரிசோதனைக்காக உணவு நிறுத்தப்பட்டிருக்கலாம்.