விருந்து பரிமாறும் இரயில்

விருந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது தலைவாழை இலையும், பந்தியில் குனிந்து பரிமாறும் கைகளுமே. ஆனால் கைகளுக்குப் பதிலாக ஒரு சின்னஞ்சிறு இரயில் வண்டி வந்து நம் முன்னே நின்று, "வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதுபோல் காத்திருந்தால் எப்படி இருக்கும்? இது கற்பனை அன்று. நம் நாட்டு அரண்மனை ஒன்றிலேயே இத்தகைய இரயில் உண்டு. அயல்நாடுகளில் வீட்டுத் தோட்டங்களிலும் இவ்வகை இரயில்கள் பானங்களையும் பலகாரங்களையும் சுமந்து ஓடுகின்றன. இவை இயங்கும் விதத்தையும், அவற்றால் செய்ய முடிவது எது, முடியாதது எது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

குவாலியரின் வெள்ளி இரயில்

மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் நகரில் ஜெய்விலாஸ் அரண்மனை இருக்கிறது. 1874ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இவ்வரண்மனையின் ஒரு பகுதி இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1964இல் இதனைத் திறந்து வைத்தவர், திருத்தணியில் பிறந்து நம் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் அவர்களே.

அரண்மனையின் விருந்து மண்டபத்தில் நீண்ட மேசையின் மீது தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் வெள்ளியாலான எஞ்சின் ஒன்று ஏழு சிறு பெட்டிகளை இழுத்து வரும். சிந்தியா என்னும் அரச குடும்பப் பெயரின் ஏழு ஆங்கில எழுத்துகளும் பெட்டிக்கு ஒன்றாக அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. உணவு முடிந்தபின் மதுவும் சுருட்டும் விருந்தினரிடம் இந்த இரயிலில்தான் வந்து சேருமாம். மதுவும் சுருட்டும் நமக்கு வேண்டாம். அந்த இரயிலின் நுட்பம் மட்டும் நமக்குப் போதும்.

விருந்தினர் ஒருவர் பெட்டியிலுள்ள கண்ணாடிக் குடுவையைக் கையில் எடுத்த உடனே வண்டி தானாக நின்றுவிடும். அவர் தமக்கு வேண்டியதை ஊற்றிக்கொண்டு குடுவையை அதன் இடத்தில் வைத்தால் வண்டி மீண்டும் புறப்படும். "நில்" என்றோ "போ" என்றோ யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவியும் அறிந்த மின்சுற்றுதான் இது. மின்சாரம் ஒரு வழியாகச் சென்று மறுவழியாகத் திரும்பினால்தான் மோட்டார் சுழலும். வழியில் எங்கேனும் இணைப்பு அறுந்தால் அது நின்றுவிடும். குடுவை இருக்கும் இடத்தில் ஒரு வில்லை அமைத்து, குடுவையின் எடை அதனை அழுத்தும்போது இரு உலோகத் துண்டுகள் சேரும்படி செய்தால் போதும். எடை நீங்கியதும் துண்டுகள் பிரியும், சுற்று அறுபடும், வண்டி நிற்கும். எடுப்பவர் கையே இங்கு சுவிட்சாக வேலை செய்கிறது.

விளையாட்டும் பயனும்

இந்த இரயிலைச் செய்வித்தவர் 1925இல் மறைந்த மகாராஜா மாதவராவ் சிந்தியா. இரயில் மீது அவருக்கு இருந்த ஆசை மேசையோடு முடிந்துவிடவில்லை. அவருடைய சொந்த உபயோகத்திற்கான சிறு பாதையாகத் தொடங்கியதே பின்னர் குவாலியர் இலகு இரயில்வேயாக வளர்ந்தது. அதன் தண்டவாளங்களுக்கு இடையே இரண்டே அடி அகலம்! 1909இல் இப்பாதை சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஷியோப்பூரை எட்டியது. கிராமத்து மக்களும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளும் தலைமுறை தலைமுறையாக அதில் பயணம் செய்தார்கள். 2020இல் அந்தச் சிறு வண்டிகள் நின்றுபோயின. அகலப் பாதை அமைக்கும் பணிக்கு அவை இடம் கொடுத்தன. ஓர் அரசரின் விளையாட்டு ஆசை ஏழை எளியவருக்கும் பயன் தந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் ஓடும் இரயில்

அரண்மனையில் மட்டும் இருந்த இன்பம் சாதாரண வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்தது. 1968இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலிருந்த லேமன் நிறுவனம், மழையையும் வெயிலையும் தாங்கக்கூடிய பெரிய பொம்மை இரயிலை 'எல்.ஜி.பி.' என்ற பெயரில் வெளியிட்டது. இதன் பித்தளைத் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 45 மில்லிமீட்டர். உண்மை இரயிலை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு இது. அப்படியானால் உண்மைப் பாதையின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆகிறது அன்றோ? நம் தமிழகத்தில் நெடுங்காலம் வழக்கிலிருந்த மீட்டர் பாதையும் இதே அளவுதான். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான நம் நீலகிரி மலை இரயிலும் இவ்வகைப் பாதையைச் சேர்ந்ததே.

இத்தகைய வண்டியின் தட்டையான பெட்டியில் பானத்தையும் தின்பண்டத்தையும் ஏற்றி, மரத்தடியில் அமர்ந்திருப்போரிடம் அனுப்பலாம். ஆனால் மோர் சிந்தாமல் போய்ச் சேர வேண்டுமே! இங்கேதான் நம் பௌதிகப் பாடம் கைகொடுக்கிறது.

முதலாவது வேகம். வண்டி வளைவில் திரும்பும்போது டம்ளரிலுள்ள நீர் வெளிப்பக்கமாக ஏறுகிறது. வளைவின் ஆரம் 60 சென்டிமீட்டர், வண்டியின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்று கொள்வோம். 6 சென்டிமீட்டர் வாயகன்ற டம்ளரில் நீர் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக உயரும். இதனால் ஆபத்தில்லை. வேகத்தை இரட்டிப்பாக்கினாலோ ஏற்றம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி ஐந்து மில்லிமீட்டரைத் தொட்டுவிடும். விருந்து வண்டிக்கு நிதானமே அழகு. டம்ளரையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பலாகாது.

இரண்டாவது உயரம். தண்டவாளத்தின் அகலமோ நான்கரை சென்டிமீட்டர்தான். அதன்மேல் உயரமான டம்ளரை நிறுத்தினால் பாரம் மேலே போய்விடும். வளைவில் டம்ளர் சாய்வதற்கு முன்பே பெட்டியே கவிழக்கூடும். ஆகையால் குட்டையான, அடி அகன்ற பாத்திரமே ஏற்றது. பலகையில் வட்டமாகத் துளையிட்டு டம்ளரை அதில் இறக்கி வைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, புறப்படுவதும் நிற்பதும். பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? பானமும் அப்படியே சாயும். மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும்.

நான்காவது, தரையும் தூய்மையும். பாதை சமமாக இருக்க வேண்டும். தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரம் சக்கரத்திற்குச் செல்வதால், அதன்மேல் மண்ணோ சருகோ படிந்தால் வண்டி நின்றுவிடும். முறுக்கையும் சுண்டலையும் மூடி வைக்காவிட்டால் விருந்தினருக்கு முன்பே எறும்புகள் பந்தியில் அமர்ந்துவிடும்!

இன்னொன்றை மறக்கலாகாது. இவ்வண்டிகள் ஓடுவது குறைந்த அழுத்த மின்சாரத்தில்தான். அதற்கென்று செய்யப்பட்ட கருவியின் மூலமே மின்சாரம் தர வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகத் தண்டவாளத்தில் இணைப்பது உயிருக்கே உலை வைக்கும்.

இயந்திரம் காணாதது

செக் நாட்டின் தலைநகரான பிராகில், புனித வென்செஸ்லாஸ் பெயர் தாங்கிய சதுக்கத்தில், 'விடோப்னா' என்னும் உணவகத்தில் பொம்மை இரயில்கள் பானங்களை மேசைக்கு மேசை கொண்டு சேர்க்கின்றன. சிறுவரும் பெரியவரும் வியந்து பார்க்கிறார்கள். இயந்திரம் மனிதனின் கால் வலியைக் குறைக்குமானால் அது நல்லதே. பந்தியில் பரிமாறுவோரும் சற்று அமர்ந்து விருந்தினரோடு உரையாடலாம்.

ஆனால் இயந்திரத்தை முற்றிலும் நம்பி அமர்ந்தால் என்ன ஆகும்? 1975இல் வெளியான 'ஃபிரீடம் அட் மிட்நைட்' என்னும் நூல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. வைசிராய்க்கு குவாலியர் மகாராஜா அளித்த விருந்தில் மின் இணைப்பு கோளாறாகி, இரயில்கள் கட்டுக்கடங்காமல் ஓடி, குழம்பையும் கறியையும் விருந்தினர் மீதே வாரி இறைத்தனவாம். அவ்வண்டிக்குத் தான் செய்வது சேவையா சேட்டையா என்று தெரியவில்லை.

ஒழுங்காக ஓடும்போதும் அதற்கு ஒரு குறை உண்டு. நீளும் கைக்கு அது நிற்கிறது. நீளாத கையை அது காண்பதில்லை. கூச்சத்தால் கை நீட்டாத புதிய மாணவி, கை நடுங்கும் பாட்டி, தனக்குப் போதாது என்று சொல்லத் தயங்கும் ஏழைச் சிறுமி ஆகியோர் முன்னே வண்டி நிற்காமல் போய்விடும். முகம் பார்த்து உபசரிக்க வேண்டும் என்பதை உணர்த்தவே வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார்.

கானாவூர்த் திருமணத்தை நாம் அறிவோம். இரசம் தீர்ந்துபோனதை அன்னை மரியாள் கவனித்தார். அவரிடம் யாரும் கேட்டதாக யோவான் நற்செய்தியில் இல்லை. கேட்கும் முன்பே குறையை உணர்ந்து மகனிடம் எடுத்துரைத்தது தாயின் கண். எவ்வளவு நுட்பமான வில்லையும் கம்பியையும் இணைத்தாலும் அந்தக் கண்ணை ஓர் இயந்திரத்திற்குப் பொருத்த முடியாது.

எனவே, அன்புத் தோழியரே, விஞ்ஞானத்தைக் கற்போம். விந்தைகள் பல படைப்போம். நம் வீட்டிலோ பள்ளியிலோ ஒருநாள் இத்தகைய சின்ன இரயில் மோரும் பானகமும் சுமந்து ஓடட்டும். அது ஓடும்போது நாம் வண்டியை மட்டும் வேடிக்கை பார்க்காமல், அது நிற்காமல் கடந்து வந்த இருக்கையையும் பார்ப்போம். அங்கே அமர்ந்திருப்பவருக்கு நம் கையாலேயே எடுத்துக் கொடுப்போம்.