திரைக்குப் பின் நின்ற உழைப்பு

சினிமாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதற்குக் குறைவில்லை. நடிகைகளின் அழகு, ஆபரணம், விவாகம் ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். ஆனால் சினிமா என்பது ஒரு தொழில், அதில் ஈடுபட்டிருக்கும் ஸ்திரீகள் தொழிலாளிகள் என்னும் எளிய உண்மை எழுத்தில் ஏறுவது அபூர்வமாகவே இருக்கிறது. உழைப்பு இன்னதென்பதை வட சென்னை வாசிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் கை மாறும் கம்பிக்கும் தகட்டுக்கும் எடை உண்டு, சீட்டு உண்டு, கணக்கு உண்டு. இரும்புக்கு இருக்கும் இந்த மரியாதை, திரைப்படத்துக்குத் தங்கள் ஆயுளைக் கொடுத்த பெண்களுக்குக் கிடைத்ததா என்பதே நமது கேள்வி.

சாத்தாங்காட்டுக்குக் கிழக்கே திருவொற்றியூர், மேற்கே மணலி. கலைத் தொழில் செய்த பெண்ணின் பெயரும் ஊதியமும் கல்லிலேயே பொறிக்கப்பட்ட பிரதேசம் இது. 13-ம் நூற்றாண்டில், மூன்றாம் இராசராச சோழன் திருவொற்றியூர்க் கோயில் மண்டபத்தில் உறவாக்கின தலைக்கோலி என்பவள் பாடக் கேட்டான். கேட்டு மகிழ்ந்து, மணலியில் 60 வேலி நிலம் அளித்து, அதை அவள் பெயராலேயே ஒரு நல்லூராக்கினான். அடுத்த நூற்றாண்டில், சம்புவராயர் ஆட்சியின்போது, அதே கோயிலில் பணிபுரிந்த பதியிலார், தேவரடியார், இடபத்தளியிலார் என்னும் பிரிவினருக்குள்ளே எவர் எந்தப் பணியைச் செய்வது என்று வழக்கு மூண்டது. விசாரணை நடந்தது, தீர்ப்பும் கல்லில் ஏறியது. அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நாம் கொண்டாட வரவில்லை. பிற்காலத்தில் அது எத்தகைய இழிவுக்கு இடங்கொடுத்தது என்பதையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அதை ஒழிக்க எவ்வளவு பாடுபட்டார் என்பதையும், 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் அதற்கு முடிவு கட்டியதையும் நேயர்கள் அறிவார்கள். கல்லில் பெயர் இருந்தது என்ற ஒன்றை மாத்திரமே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

சினிமாவுக்கு வருவோம். 1913-ல் பால்கே எடுத்த ஹரிச்சந்திரன் படத்தில் சந்திரமதியாகத் தோன்றியவர் ஓர் ஆண்பிள்ளை. பெண்கள் எவரும் முன்வரவில்லை. வந்தால் ஊர் ஏசும். அதே வருஷம் துர்காபாய் காமத் என்னும் மராட்டிய மாது தம் புதல்வியுடன் துணிந்து வந்த பிறகே அந்த வாசல் திறந்தது.

தமிழ்நாட்டில் திரை பேசத் தொடங்கியது நமது வால்டாக்ஸ் ரோட்டில்தான். 1931 அக்டோபர் 31-ந் தேதி கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. பிலிம் பெட்டியை ரயிலடியிலிருந்து ஜனங்கள் ஊர்வலமாக எடுத்துச் சென்று, தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. அந்தப் படத்தில் தமிழ் பேசியவர் டி. பி. ராஜலட்சுமி; எதிரே நின்ற நாயகர் பேசியதோ தெலுங்கு! காளிதாசன் கதைக்கு நடுவே ராட்டினத்தின் பெருமையைச் சொல்லும் பாஸ்கரதாஸின் பாட்டும் ஒலித்தது. காந்தி இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தான வருஷம் அது. கதைக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கொட்டகையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் பலர் அறிந்தது. அவர்கள் மறந்தது வேறொன்று. திருவையாற்றில் பிறந்து, பால்ய விவாகம் முறிந்து, வயிற்றுப் பாட்டுக்காக நாடக மேடை ஏறிய அந்தப் பெண், ஐந்தே ஆண்டுகளில், 1936-ல், 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தம் சொந்த நாவலிலிருந்து தாமே எழுதி, தாமே முதலிட்டு, தாமே இயக்கி, தாமே நடித்தும் வெளியிட்டார். தென்னாட்டில் படம் இயக்கிய முதல் ஸ்திரீ அவரே. 'சினிமா ராணி' என்று பட்டம் சூட்டி அழைத்தார்கள். ராணி என்று அழைப்பது சுலபம். டைரக்டர் என்று அழைப்பதற்குத்தான் மனம் வருவதில்லை. 1964-ல் அவர் காலமானார். 'காளிதா'ஸின் பிரதி இன்று இல்லை. 'மிஸ் கமலா'வின் கதியும் அதுவே. கினிமா சென்ட்ரல் பிற்பாடு முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறி, கடைசியில் அதுவும் மறைந்தது.

ராஜலட்சுமிக்காவது முகம் இருந்தது. திரையில் தோன்றிய முகத்தை ஜனங்கள் முற்றிலும் மறப்பதில்லை. முகமே தெரியாமல் வேலை செய்தவர்களின் நிலை என்ன? 1934-ல் ஏ. நாராயணன் கீழ்ப்பாக்கத்தில் ஸ்ரீநிவாசா சினிடோன் என்னும் பேசும்பட ஸ்டூடியோவை நிறுவினார். அதுவரை தமிழ்ப் படம் பேச வேண்டுமானால் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேற வேண்டியிருந்தது. சென்னையிலேயே தயாரான முதல் பேசும்படம் அங்கு உருவான 'ஸ்ரீநிவாச கல்யாணம்'. அதன் ஒலியைப் பதிவு செய்தவர் நாராயணனின் மனைவி மீனாட்சி அம்மையார். நம் தேசத்தின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரையே குறிப்பிடுகிறார்கள்.

ஒலிப்பதிவு அந்நாளில் இன்று போல் பொத்தானைத் தட்டும் காரியம் அன்று. வசனத்தையும் பாட்டையும் பக்க வாத்தியத்தையும் படம் பிடிக்கும் அதே வேளையில் ஒருசேரப் பதிந்தாக வேண்டும். பின்னால் திருத்தலாம் என்ற பேச்சே கிடையாது. சூரிய வெளிச்சத்தை நம்பிப் படமெடுத்த காலமாதலால், காக்கை கரைந்தாலும் காட்சி பாழ். பாடகர் தலையைத் திருப்பினால் குரல் குன்றும். மிருதங்கம் ஓங்கினால் சாகித்தியம் முழுகும். இந்தச் சங்கடங்களுக்கெல்லாம் நடுவே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சரி என்றும் சரியில்லை என்றும் தீர்ப்புச் சொல்லும் ஸ்தானத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தார். 1939-ல் நாராயணன் மறைந்தார். மீனாட்சி அம்மையார் அமர்ந்த அந்த ஆசனத்தில் தமிழ் சினிமா மற்றொரு பெண்ணை அமர்த்த எத்தனை காலம் எடுத்துக்கொண்டது! காமிராவுக்குப் பின்னாலும் இதே கதைதான். பி. ஆர். பந்துலுவின் புதல்வி பி. ஆர். விஜயலட்சுமி 'சின்ன வீடு' படத்தின் ஒளிப்பதிவாளராக வந்தது 1985-ல்.

அரசியல்வாதிகளாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நாடகக்காரிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குரலைத் தேசத்துக்குப் பயன்படுத்தியது காங்கிரஸ், முக்கியமாக சத்தியமூர்த்தி. 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கிய கே. பி. சுந்தராம்பாள், 1937 தேர்தலில் காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடினார். 1939-ல் வெளிவந்த 'தியாகபூமி'யில் எஸ். டி. சுப்புலட்சுமி, புருஷனோடு வாழ மறுத்துத் தேசத் தொண்டுக்குப் புறப்படும் பெண்ணாகத் தோன்றினார். பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் படத்தையே தடை செய்தது. சுந்தராம்பாள் 1951-ல் சட்ட மேலவைக்குள் நுழைந்தார். அது நியாயமான மரியாதை. ஆனால் அவர் பின்னால் கூட்டத்தில் நின்று ஆடிய பெண்களுக்கு நாள் கூலி என்ன, அது மாலையில் கைக்கு வந்ததா என்று எந்த மேடையிலாவது நாம் கேட்டோமா? இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கத்தை 1918-ல் பெரம்பூரில் கண்ட நகரம் இது. ஆலையின் வாசலில் சங்கம் கண்ட நமக்கு, ஸ்டூடியோவின் வாசல் வெகுகாலம் கண்ணில் படவில்லை.

சங்கம் வந்த இடத்திலும் ஸ்திரீகளுக்கு இடம் கிடைத்துவிடவில்லை என்பது இன்னும் கசப்பானது. பம்பாய் சினிமாவின் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களுக்குச் சிகையலங்காரத்தை மட்டும் விட்டுவைத்தது. முகத்துக்கு வர்ணம் தீட்டும் வேலை ஆண்களுக்கே என்று ஏறக்குறைய 60 ஆண்டுகள் விதி வைத்துக்கொண்டிருந்தது. முறையாகப் பயின்ற சாரு குரானா என்னும் பெண்மணிக்கு அங்கத்தினர் சீட்டு மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். 2014 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதி அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று அடித்துத் தள்ளிற்று. தொழிலாளியை முதலாளி அடைத்தால் சங்கத்திடம் போகலாம். சங்கமே கதவை அடைத்தால் போவது எங்கே?

கேரளத்தில் 2017-ல் நியமிக்கப்பட்ட நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019 முடிவில் சர்க்காரின் கைக்குச் சென்று, 2024 ஆகஸ்டு வரை உறங்கிற்று. வெளிவந்தபோது பத்திரிகைகள் பெரிய மனிதர்களின் பெயர்களைத் தேடின. அதிலே பெண்களுக்கு உடை மாற்ற மறைவிடமில்லை, கழிப்பிடமில்லை, சம்பளத்துக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமில்லை என்று கண்டிருந்த பகுதிகளை எத்தனை பேர் படித்தார்களோ! மறு மாதமே சென்னையில் நடிகர் சங்கம், குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களை ஐந்து ஆண்டு விலக்கி வைக்கப் பரிந்துரைப்பதென்று தீர்மானித்தது. நடிகை ரோகிணியின் தலைமையில் விசாரணைக் கமிட்டியும் இயங்குகிறது. வரவேற்கத்தக்கதே. எனினும் நடிகர் சங்கத்தின் கமிட்டி நடிகைக்கு உதவலாம். உடை தைப்பவளுக்கும், பாத்திரம் கழுவுபவளுக்கும், குழு நடனத்தின் கடைசி வரிசையில் நிற்பவளுக்கும் அது எட்டுமா? பணியிடத்தில் பெண்களைக் காக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் விசாரணைக் குழு வேண்டும் என்கிறது. ஒரு படப்பிடிப்பில் பத்துப் பேர் என்ன, நூறு பேர் கூடுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அத்தகைய குழு அமைத்து, கூலியை எழுத்தில் காட்டி, வேலை செய்த பெண்களின் பெயரைப் பதிந்த பின்பே படப்பிடிப்புக்கு அனுமதி என்று சர்க்கார் ஓர் உத்தரவு போடட்டும். அதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. ஒரு கணக்குப் புத்தகமும், அதைத் திறந்து பார்க்க அதிகாரமுள்ள ஓர் அதிகாரியும் போதும்.