தொட்டிக்கு மேல் யார் பொறுப்பு?

காவிரி, கொள்ளிடம் ஆற்று மணலுக்கடியில் ஊறும் தண்ணீர்தான் குளோரின் கலந்து திருச்சி வீடுகளுக்கு வருகிறது. வீட்டுக் குழாயில் விழும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளில் அந்தக் கணக்கு சம்ப்போடு முடிந்துவிடுகிறது. சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் நிற்க நிற்கக் குளோரின் குறையும். அதே தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றினால் இன்னும் குறையும். சித்திரை வெயிலில் கறுப்புத் தொட்டி கொதிக்காத குறைதான். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருக 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையான சூடு போதும். தொட்டிச் சுவரைத் தொட்டால் வழுக்குமே, அந்தப் படலம்தான் அதற்கு வீடும் சாப்பாடும். குளோரின்கூட அதற்குள் எளிதில் நுழையாது. தெருக்குழாயில் கழிவுநீர் கலந்தால் மாநகராட்சியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நம் தொட்டியில் வளர்வதற்கு நாம்தான் பொறுப்பு.

‘குடிக்க ஆர்.ஓ. இருக்கிறது, கேன் வாங்குகிறோம், பிறகென்ன?’ என்று கேட்கலாம். இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போகிறது. ஷவரின் நுண்துளிகளும் பெரிய கட்டடங்களின் ஏ.சி. குளிர்விப்புக் கோபுரங்கள் கக்கும் ஈரப்புகையும் அதற்குப் போதும். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்த ஹோட்டலை ஒட்டிப் பரவிய நிமோனியாவில் 34 பேர் இறந்தார்கள். காரணம் இந்தப் பாக்டீரியாதான் என்று 1977 ஜனவரியில்தான் தெரிந்தது. ‘இங்கே யாருக்கும் வந்ததாகக் கேள்விப்படவில்லையே’ என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் நோய் சாதாரண நிமோனியாவைப் போலத்தான் தெரியும். சிறுநீரிலோ சளியிலோ அதற்கென்று தனியாகச் சோதித்தால்தான் பிடிபடும். தேடாத நோய் கணக்கில் வராது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் பலவீனமானவர்கள் வீட்டில் இருந்தால் அந்தக் கணக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. தொட்டியின் அடிச்சேற்றை எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவுவதுதான் முதல் காரியம். வழுக்கல் இருக்கும்போது மருந்து போட்டுப் பலனில்லை. பிறகு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர்: வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட வேண்டும். டெங்கு தடுப்புப் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்து கொசுப்புழுவுக்கானது, பாக்டீரியாவுக்கு அல்ல. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் குளியலறைக் குழாயை வாரம் ஒருமுறை சில நிமிடம் திறந்துவிடுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் திறக்கும் பள்ளி, அலுவலகங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2020 பொதுமுடக்கத்தின்போது பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் இதைத்தான் எச்சரித்தன. தண்ணீரைத் தேக்கிவைக்கும் கீசர் 60 டிகிரியில் இருக்கட்டும். கரண்ட் செலவு கூடும், உண்மைதான், சூடுபடும் அபாயமும் உண்டு, ஆகவே வாளியில் விளாவிய பிறகே குழந்தைகளைக் குளிப்பாட்ட வேண்டும். அடுத்த முறை தொட்டி கழுவ ஆள் வரும்போது, உப்புப் படிந்த ஷவர் தலைகளையும் கழற்றிக் கொடுங்கள்.