மூன்று இரண்டானபோது

கால்பந்தில் பந்து அடிக்கப்படும் நொடியில், அதைத் தாண்டி எதிரணியின் பாதியில் நிற்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் எத்தனை பேர் இருக்க வேண்டும்? 1925 வரை மூன்று பேர். குறைந்தால் ஆஃப்சைடு.

அக்கால அணிகளில் பின்களத்தில் இருவர்தான். கோல்கீப்பரோடு சேர்த்தால் மூன்று. நியூகாசில் யுனைடெட்டின் பில் மெக்ராக்கன் இந்தக் கணக்கைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டார். கூட்டாளி பின்னால் காவல் நிற்க, இவர் மட்டும் நடுக்கோட்டுப் பக்கம் ஏறி வந்துவிடுவார். இவரைத் தாண்டி நிற்கும் ஃபார்வர்டுக்கு எதிரே மிச்சம் இருவரே. பந்து வந்ததும் விசில் ஒலிக்கும். கணக்குத் தப்பினாலும் பின்னால் ஓர் ஆள் இருந்ததால் ஆபத்து குறைவு. மற்ற அணிகளும் இதைக் கற்றுக்கொள்ள, ஆட்டம் நடுக்கோட்டை ஒட்டியே முடங்கியது.

1925இல் மூன்று, இரண்டாகக் குறைக்கப்பட்டது. இனி பொறி வைக்க இருவருமே ஏறி வர வேண்டும். தப்பினால் கோல்கீப்பர் தனியாள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1924-25இல் 1,192 கோல்கள். அடுத்த பருவத்தில், அதே 462 ஆட்டங்களில், 1,703!

அந்த அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 எனத் தோற்றது ஆர்சனல். சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இறக்கியே ஆக வேண்டும் என்று அணித்தலைவர் சார்லி பக்கன் வற்புறுத்தினார். மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் இசைந்தார். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாமை 4-0 என்று வென்றார்கள். இந்த யோசனை வேறு சில அணிகளுக்கும் அப்போது தோன்றியிருந்தது. அதை முழுமையான ஆட்டமுறையாக வளர்த்தெடுத்தவர் சாப்மன்தான்.

சென்டர் ஹாஃப் சாதாரண ஆள் அல்ல. தடுப்பதும் அவரே, தாக்குதலைத் தொடங்கிவைப்பதும் அவரே. அவரை இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிறுத்திவிட்டதால் நடுக்களம் காலியானது. அதை நிரப்ப முன்வரிசை ஐவரில் இருவர் கீழே இறங்கினார்கள். மேலிருந்து பார்த்தால் முன்பாதி ஆங்கில டபிள்யூ, பின்பாதி எம். கோல்கள் பெருகட்டும் என்று கொண்டுவந்த விதி கடைசியில் தடுப்புக்கு ஓர் ஆளைக் கூட்டிக் கொடுத்தது! ஆர்சனலின் ஹெர்பி ராபர்ட்ஸ் எதிரணி சென்டர் ஃபார்வர்டை நிழலாகத் தொடர்ந்தார். 1931க்கும் 1935க்கும் இடையே அந்த அணி நான்கு முறை லீக் பட்டம் வென்றது. ஆனால் களமெங்கும் உலவிய பழைய சென்டர் ஹாஃபை இங்கிலாந்து இழந்தது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

இந்த அமைப்பின் பலவீனத்தை 1953இல் வெம்ப்லியில் ஹங்கேரி அம்பலப்படுத்தியது. அதன் சென்டர் ஃபார்வர்டு ஹிதேகுட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி விளையாடினார். பின்தொடர்ந்தால் கோல் முன்னே ஓட்டை விழும், நின்றுவிட்டால் அவர் விருப்பம்போல் ஆடுவார். இங்கிலாந்தின் சென்டர் ஹாஃபுக்கு இரண்டுமே உதவவில்லை. ஹிதேகுட்டி மூன்று கோல் அடித்தார். ஹங்கேரி 6-3 என வென்றது.