எந்த மாருதிக்கு, எந்தப் பக்கத்து ஆக்சில்?

சென்னைப் பட்டணத்தில் மோட்டார் வண்டிகளின் புதுச் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும், கழற்றி விற்கும் பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டையும் நெடுங்காலமாகப் பிரசித்தி பெற்றவை. இவ்விரண்டில் எங்கே போய், "மாருதிக்கு ஆக்சில் வேணுங்க" என்று கேட்டாலும், அனுபவசாலியான கடைக்காரர் உடனே சாமானை எடுக்க எழுந்திருக்க மாட்டார், "எந்த மாருதி சார்? என்ன வருஷம்? லெஃப்டா, ரைட்டா? நாலு கியரா, அஞ்சு கியரா?" என்று திருப்பிக் கேட்பார். ஒரு கேள்வியும் கேளாமல், "எல்லாத்துக்கும் சேரும் சார்" என்று அட்டைப்பெட்டியை நீட்டுகிறவரிடந்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தம் வண்டியைத் தாமே பழுது பார்க்க முனைகிறவர்களில் பலர் சங்கடப்படுவது ஸ்பானர் பிடிக்கத் தெரியாமையால் அன்று. இந்தக் கேள்விகளுக்கு வீட்டிலேயே விடை கண்டுகொள்ளாமல் கடைக்குப் புறப்பட்டுவிடுவதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

வண்டியின் பெயர் மாத்திரம் போதாது என்பதற்கு மாருதியே நல்ல உதாரணம். 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரையில் உற்பத்தியான மாருதி 800, முன் சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. அதன் எஞ்சின் முன்புறத்தில் குறுக்காக அமர்ந்திருக்க, கியர் பெட்டியும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடங்கி, அங்கிருந்து இரண்டு டிரைவ் ஷாஃப்டுகள் இரு முன் சக்கரங்களுக்கும் செல்கின்றன. அதே 796 சி.சி. எஞ்சினை முன் இருக்கைகளின் அடியில் கொண்ட ஆம்னியிலோ, சக்தி நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்டின் வழியாகப் பின் ஆக்சிலுக்குப் போகிறது. எஞ்சின் சாமான்களில் பல இரண்டிற்கும் பொதுவாக இருக்க, ஆக்சில் விஷயத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அம்பாஸடரும் அப்படியே. தொடக்க காலத்து எஞ்சினோடு வந்த நான்கு கியர் பெட்டி வேறு, தொண்ணூறுகளில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினோடு வந்த ஐந்து கியர் பெட்டி வேறு.

சாமான் தேடுவதற்கு முன், கெட்டுப்போனது எது என்று நிர்ணயிக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று விட்டுவிட்டுச் சப்தம் கேட்டால், பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்டில் சக்கரத்தை ஒட்டிய வெளி ஜாயின்டே காரணம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஒரே அடியாகத் 'தட்' என்று கேட்டால் உள் ஜாயின்டையோ, பின் சக்கர வண்டியானால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸையோ சந்தேகிக்கலாம். வேகத்தோடு கூடவே வளர்ந்து, வண்டி ஒரு பக்கம் வளையும்போது கூடியும் மறு பக்கம் வளையும்போது குறைந்தும் ஒலிக்கும் ரீங்காரம் சக்கரத்தின் பேரிங்கைச் சேர்ந்தது. கியர் மாற்றும்போது மாத்திரம் கரகரப்பென்றால் கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகே சிங்க்ரோ ரிங்கின் மேல் பழி போட வேண்டும். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்துப் படிந்திருந்தால் ஜாயின்டை மூடிய ரப்பர் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சப்தம் பிறக்குமுன் அதைக் கண்டவர்கள் பூட்டையும் கிரீஸையும் மாற்றுவதோடு தப்பித்துக் கொள்ளலாம்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். அதில் ரிஜிஸ்டர் ஆன தேதியைப் பார்ப்பதைவிட, வண்டி உற்பத்தியான மாதத்தையும் வருஷத்தையும் பார்ப்பதே பிரயோஜனம். டிசம்பரில் தயாராகி மறு வருஷம் விற்பனையான வண்டிகள் ஏராளம். சேஸிஸ் எண்ணைத் தகட்டிலிருந்தே எழுதிக்கொள்ளலாம். அது பதினேழு இடங்கள் கொண்ட எண்ணானால், அதில் ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பாமலிருக்க ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் உபயோகிக்கப்படுவதில்லை. ஆதலால், துருப்பிடித்த தகட்டில் வட்டமாகத் தெரிவது பூஜ்யம் என்று துணிந்து எழுதலாம். அந்த எண்ணைக் கொண்டு கம்பெனியின் சாமான் கவுண்டரில் விசாரித்தால் பார்ட் நம்பர் கிடைக்கும். சாமானை அங்கே வாங்குகிறோமோ, வேறிடத்தில் வாங்குகிறோமோ, அந்த நம்பர் கையில் இருப்பது பெரும் பலம்.

நம்பர் கிடைக்காத பழைய வண்டிக்காரர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கழற்றிய சாமானே பேசும். பால் பேரிங்கின் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் 6205 என்பதுபோல் ஓர் எண் தெரியும். அதன் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் நடுத்துவாரத்தின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும்: 05 என்றால் 25. 04-க்குக் கீழுள்ள எண்களுக்கு மாத்திரம் இந்தக் கணக்கு பொருந்தாது. 6305-க்கும் துவாரம் 25 தான். ஆனால் 6205-இன் வெளி விட்டம் 52, அகலம் 15 ஆக இருக்க, 6305-க்கு அவை 62-உம் 17-உம் ஆகின்றன. எண்ணுக்குப் பின்னால் வரும் 2ஆர்எஸ் என்பது இருபுறமும் ரப்பர் மூடி உண்டென்பதையும், சி3 என்பது குண்டுகளுக்கும் வளையத்துக்கும் இடையே சாதாரண அளவைவிடச் சற்று அதிக இடைவெளி உண்டென்பதையும் குறிக்கும். இந்த எண்கள் உலகம் முழுவதற்கும் பொது என்பதால், மோட்டார் சாமான் கடையில் கிடைக்காத பேரிங்கை வெறும் பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம். ஆயில் சீலிலும் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அளவு ஒத்தாலும், உதட்டில் சாய்வான வரிகளோ அம்புக்குறியோ இருந்தால் அது ஷாஃப்ட் சுழலும் திசைக்கு இசைந்ததா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

டிரைவ் ஷாஃப்டானால் முனைகளில் உள்ள பற்களை எண்ணுங்கள். சாக்குக்கட்டியால் ஒரு பல்லில் அடையாளமிட்டு, ஒரு முறைக்கு இரு முறை எண்ணுங்கள். கியர் பெட்டி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால் இடது, வலது ஷாஃப்டுகளின் நீளம் பல வண்டிகளில் வேறுபடும்; இடது வலது என்பது ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து முன்னோக்கிப் பார்க்கும் கணக்கு, பானெட்டின் முன் நின்று பார்க்கும் கணக்கன்று. ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால் ஜாயின்டின் மேலுள்ள பல் வளையத்தையும் ஒப்பிட வேண்டும். பின் ஆக்சிலின் கிரவுனும் பினியனும் மணம் முடித்த தம்பதிகள் போன்றவை; தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இசைவிக்கப்பட்டவையாதலால், ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுவதே முறை. கிரவுனில் 41, பினியனில் 10 பற்கள் என்றால் விகிதம் 4.1. புதிய ஜோடியின் விகிதம் வேறானால் வண்டியின் இழுவையும் மாறும், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும்.

புதுப்பேட்டையில் பழைய கியர் பெட்டி வாங்குவதில் குற்றமொன்றுமில்லை. உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு அதுவே சில சமயம் ஏக கதி. விலை பேசுமுன் ஷாஃப்டைக் கையால் சுழற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அடியிலுள்ள ஆயிலைச் சிறிது வடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். பொன்னிறத் துகள் மின்னினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டுவது சகஜம். எஃகுத் துண்டு ஒட்டினால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய பேரிங், பழைய ரப்பர் ஆகியவற்றை மாத்திரம் எந்த விலைக்கும் வாங்கலாகாது.

பெரிய சாமானை வாங்கிய உற்சாகத்தில் சில்லறைச் சாமான்களை மறப்பவர்கள் அநேகர். ஹப் நட்டு, சர்க்ளிப், காட்டர் பின் முதலியவற்றைப் புதிதாகவே போட வேண்டும். ஜாயின்டுக்குரியது மாலிப்டினம் கலந்த பிரத்தியேகக் கிரீஸ். அதனோடு வரும் பொட்டலத்தை முழுவதும் உபயோகிக்க வேண்டும். முன் சக்கர வண்டியில் ஷாஃப்டை உருவினால் கியர் ஆயில் கொட்டிவிடுமாதலால் அதையும் கணக்கில் சேருங்கள். ஹைபாய்டு பற்கள் உள்ள பின் ஆக்சிலுக்கு ஜிஎல்-5 ஆயில் பொருந்தும். பித்தளைச் சிங்க்ரோ ரிங் உள்ள பல கியர் பெட்டிகளுக்கு ஜிஎல்-4 தான் தகும். வண்டியின் கையேடு சொல்வதற்கு மாறாக, 'உசத்தி ஆயில்' என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இவ்வளவும் செய்துகொண்டால் டிரைவ் ஷாஃப்ட், பூட், கிராஸ், வெளிப்புற ஆயில் சீல் இவற்றை, ஜாக்கை மாத்திரம் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டின் மேல் வண்டியை நிறுத்தி, வீட்டிலேயே மாற்றலாம். கிரவுனையும் பினியனையும் ஷிம் வைத்து அமைப்பது மட்டும் டயல் கேஜும் பிரஸ்ஸும் பழகிய கையும் வேண்டிய காரியம்; அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள், சாமானை மட்டும் நீங்களே பார்த்து வாங்கிக் கொடுங்கள்.