கார்போகரிசியும் ரெட்டினாலும்

முகத்தில் பூசும் பொருள்களுள், தோலின் முதுமையை ஓரளவேனும் தள்ளிப்போடும் என்று நீண்டகால மருத்துவச் சான்று பெற்றவை மிகச் சிலவே. அவற்றுள் முதலிடம் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டுகளுக்கு உரியது. இக்குடும்பத்தின் வலிமை மிக்க உறுப்பான டிரெட்டினாயின், 1971-ஆம் ஆண்டு அமெரிக்காவில் முகப்பரு மருந்தாக ஒப்புதல் பெற்றது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், இம்மருந்தைப் பூசிவந்த நடுத்தர வயதினரின் தோலில் சுருக்கங்கள் மங்கி வழவழப்பு கூடியதைக் கவனித்து, வெயிலால் முதிர்ந்த தோலை அது சீராக்குகிறது என்ற ஆய்வை 1986-இல் வெளியிட்டார். கடைகளில் கிரீமாகவும் சீரமாகவும் கிடைக்கும் ரெட்டினால் இதன் மென்மையான உறவு: தோலுக்குள் சென்றபின் இரண்டு படிகளில் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, உயிரணுவின் உட்கருவில் உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் உற்பத்தியைத் தூண்டுவதோடு, அதைச் சிதைக்கும் நொதிகளையும் அடக்குகிறது.

இந்த வலிமையே சிலருக்குத் தொல்லையாகவும் முடிகிறது. மேல்தோலின் உயிரணுக்கள் வழக்கத்தைவிட வேகமாகப் புதுப்பிக்கப்படும்போது, உடலின் ஈரத்தை உள்ளே காத்துநிற்கும் வெளியடுக்கு சில வாரங்களுக்குத் தளர்ந்துபோய், தோல் உரிதல், சிவத்தல், எரிச்சல் ஆகியவை தோன்றுகின்றன. பெரும்பாலோருக்கு இது பழகிவிடுகிறது என்றாலும், கரப்பான் உள்ளவர்களுக்கும், முகம் எளிதில் சிவந்துவிடும் ரோசேசியா நோயாளிகளுக்கும், வயது ஏற ஏற எண்ணெய்ச் சுரப்பு குன்றித் தோல் வறண்டுபோனவர்களுக்கும் அந்தச் சில வாரங்களே தாங்க முடியாதவை ஆகின்றன. கருவுற்ற பெண்கள் ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும் என்பதும் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

எனவே தாவரத்திலிருந்து ஒரு மாற்று கிடைக்குமா என்ற தேடல் இயல்பானது. ஆனால் எந்தத் தாவரத்திலும் ரெட்டினால் இல்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருப்பவை பீட்டா கரோட்டின் போன்ற நிறமிகள்; உண்டபின் உடல்தான் அவற்றை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கேரட் விழுதை முகத்தில் அப்பிக்கொள்வது ரெட்டினால் பூசியதற்கு ஈடாகாது. தாவரம் தரக்கூடிய மாற்று என்பது, ரெட்டினால் அல்லாத வேறொரு சேர்மம், தோலில் அதை ஒத்த விளைவுகளை உண்டாக்குவதாகவே இருக்க முடியும்.

அப்படிப்பட்ட சேர்மங்களுள் இதுவரை ஓரளவு ஆராயப்பட்டது பாகுச்சியால். கார்போகரிசி என்று நாட்டு மருந்துக்கடைகளில் விற்கப்படுவதும், நலங்கு மாவிலும் குளியல் பொடியிலும் சேர்க்கப்படுவதுமான சிறிய கறுத்த விதையிலிருந்து, புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மேத்தா, நாயக், சுக்தேவ் ஆகியோர் இதைப் பிரித்தெடுத்து 1966-இல் அறிவித்தனர். இதன் மூலக்கூறு அமைப்பு ரெட்டினாலைச் சிறிதும் ஒத்திருக்கவில்லை. ஆயினும் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வகத்தில் வளர்த்த தோல் மாதிரிகளில் இவ்விரு சேர்மங்களும் எந்தெந்த மரபணுக்களைத் தூண்டுகின்றன, எவற்றை அடக்குகின்றன என்று ஒப்பிட்டு, அவற்றிடையே வியக்கத்தக்க ஒற்றுமை இருப்பதாகக் காட்டியது. ஆய்வாளர்களுள் ஒருவர் இச்சேர்மத்தை விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர் என்பதையும் நினைவில் கொண்டே அம்முடிவை எடைபோட வேண்டும்.

இன்று விளம்பரங்கள் பலவும் சுட்டிக்காட்டுவது, பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியாகிய, கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற மற்றோர் ஆய்வை. அதில் 44 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் 0.5 விழுக்காடு பாகுச்சியால் கிரீமை நாளுக்கு இருமுறையும், மற்றவர்கள் அதே செறிவுள்ள ரெட்டினால் கிரீமை ஒருமுறையும் 12 வாரங்கள் பூசினர். யாருக்கு எது தரப்பட்டது என்பது படங்களை மதிப்பிட்ட மருத்துவருக்குத் தெரியாது. இரு பிரிவிலும் சுருக்கங்களும் கருந்திட்டுகளும் குறைந்தன. ரெட்டினால் பூசியவர்களுக்கே தோல் உரிதலும் குத்தும் எரிச்சலும் மிகுந்திருந்தன. ஊக்கமூட்டும் முடிவுதான். ஆனால் 44 பேரில் வேறுபாடு தென்படவில்லை என்பதும், இரண்டும் சமம் என்று நிறுவப்பட்டுவிட்டது என்பதும் ஒன்றல்ல. டிரெட்டினாயினுக்குப் பின்னால் பல பத்தாண்டுகளின் சான்று நிற்கிறது. பாகுச்சியாலின் சான்றோ ஒரு சிலரின் முகங்களையும் ஒரு சில வாரங்களையும் தாண்டவில்லை. எளிதில் எரிச்சலடையும் தோலுடைய 60 பெண்களிடம் 4 வாரங்கள் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்விலும் பாகுச்சியால் நன்கு ஏற்கப்பட்டது. ஆனால் அங்கே பூசப்பட்டது ஈரப்பதமூட்டும் கிரீம் என்பதால், ஈரம் ஏறியதாலேயே தோல் வழவழப்பாகத் தோன்றியிருக்கும் வாய்ப்பையும் மறந்துவிடக் கூடாது.

வல்லாரைக் கீரையில் உள்ள மேடகாசோசைடு என்னும் சேர்மமும் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் முதிர்ந்த தோலில் அதன் முக்கியச் சோதனை வைட்டமின் சி-யுடன் சேர்த்தே நடத்தப்பட்டதால், பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் விட அழுத்திச் சொல்ல வேண்டியது, சேர்மம் வேறு, விதை வேறு என்பதே. பாகுச்சியால் இருக்கும் அதே கார்போகரிசியில் சோராலென் என்னும் வேறொரு பொருளும் இருக்கிறது. தோலில் படிந்த சோராலென் உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளுக்கிடையே நுழைந்து, புற ஊதாக் கதிர் பட்டவுடன் இரு இழைகளையும் பிணைத்துவிடுகிறது. அதன் விளைவாகத் தோல் சிவந்து, கொப்பளித்து, பின்னர் மாதக்கணக்கில் கருமை படிகிறது. வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இவ்விதையைக் கையாண்டதன் அடிப்படை, நிறத்தைத் தூண்டும் இந்த இயல்புதான். சோராலெனையும் புற ஊதாக் கதிரையும் இணைத்து அளந்து தரும் நவீன மருத்துவ முறை, 1974-இல் அமெரிக்காவில் சோரியாசிஸ் நோய்க்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்டது. அதை நெடுங்காலம் பெற்றவர்களுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடியதும் பின்னர் தெரியவந்தது. மருத்துவரின் மேற்பார்வையில்கூட இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும் ஒரு பொருளை, இயற்கையானது என்ற ஒரே நம்பிக்கையில் வீட்டில் அரைத்தோ எண்ணெயில் ஊறவைத்தோ முகத்தில் பூசிக்கொண்டு நம்மூர் வெயிலில் இறங்குவது, எரிச்சலுக்கு அஞ்சி ரெட்டினாலைத் தவிர்த்தவர் அதைவிடக் கொடிய எரிச்சலை விலைக்கு வாங்குவதாகும்.

ஆகவே புட்டியின் மேலுள்ள விளம்பர வாசகத்தைவிடப் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலே முக்கியம். அங்கே சோராலென் நீக்கித் தூய்மையாக்கிய பாகுச்சியாலின் பெயர் தனியாக இருக்க வேண்டும். சோராலியா கோரிலிஃபோலியா என்ற தாவரப் பெயரோடு விதை எண்ணெய் என்றோ விதைச் சாறு என்றோ மட்டும் இருந்தால், சோராலென் நீக்கப்பட்டதா என்பதற்கு அந்தப் பட்டியல் உறுதி தராது. தூய பாகுச்சியாலும் அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை தந்திருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளதால், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, சில நாள்கள் தடிப்போ அரிப்போ தோன்றவில்லை என்று பார்த்தபின் முகத்துக்குப் போவது நல்லது. கருவுற்ற காலத்தில் அதன் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்பதால், அப்போது மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.